‘வேறு பிள்ளை இல்லாத’ என்று ஒரு திருத்தம்

1

திங்கட்கிழமை அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் தமிழ்ச் சங்கத்துப் பொருளாளர். அடுத்து பின் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. அதற்கடுத்து, என்னோடு ஒரே வருஷம் இங்கே வந்து சேர்ந்த விருதுநகர்க்காரி. எல்லாருக்கும் ஒரே கேள்விதான். உங்கள் சபையில் வந்த சட்டமாயிற்றே, அப்பாவை எப்போது கூட்டிக்கொண்டு வரப்போகிறீர்கள்?

இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள், ஊரில் தனியாக இருக்கும் எழுபது வயது தாண்டிய தாயையோ தகப்பனையோ இனிமேல் தங்களோடு கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். இத்தனை வருஷமாகப் பெற்றவர்களை மூன்று மாத விசாவில் வரவழைத்து, ஸ்வெட்டர் மாட்டி, நான்கு பூங்காவைக் காட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய காரியம். விருதுநகர்க்காரி தன் அம்மாவுக்காகக் கீழ்த்தள அறையில் கட்டில் போட்டுவிட்டாளாம். போனிலேயே அழுதாள். நானும் சந்தோஷம்தான் பட்டேன், பொய் சொல்லவில்லை.

என் அப்பா வர முடியாது. எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்போம், இதிலும் அப்படியே எழுதுகிறேன். அய்யாவுக்கு எழுபத்திரண்டு வயது, தனியாகத்தான் இருக்கிறார். அந்தச் சட்டத்தில் பெற்றவர்களைப் பற்றிய வரி வருவதற்கு அவர் கதையும் ஒரு காரணம். இருந்தும் அவர் வர முடியாது. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லத் தெம்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வேலையில் சேரும்போது ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதால் நாட்டின் பெயரும் உறுப்பினர்களின் பெயரும் இதில் வராது.

2

நான் வேலை பார்ப்பது இங்குள்ள நாடாளுமன்றத்தின் மேலவையில். டெல்லியில் மாநிலங்களவை இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. உடனே நாற்காலியும் மைக்குமாக என்னைக் கற்பனை செய்ய வேண்டாம். எனக்குத் தாள் வைக்கிற வேலை. என் மாமியார் கோவில்பட்டி முழுக்க "எம் மருமக பார்லிமெண்டுல இருக்கா" என்று சொல்லிவைத்ததில், பட்டா மாறுதலுக்கு ஒரு அண்ணாச்சி வாட்ஸப்பில் எனக்கு மனு அனுப்பிவிட்டார். தாசில்தாரைப் பார்க்கச் சொல்லிப் பதில் போட்டேன். பார்லிமெண்டே கைவிட்டுவிட்டதாக அவருக்கு இன்னும் வருத்தம்.

ஒரு மசோதா கீழவையில் நிறைவேறி எங்களிடம் வரும். உறுப்பினர்கள் அதைப் படித்து, அவரவருக்குத் தோன்றிய திருத்தங்களை எழுதிக் கொடுப்பார்கள். அவை அச்சாகி வரும். மேலவை கூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு கட்டு வைக்க வேண்டும். பிறகு கதவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நடுவில் யாராவது கையால் எழுதித் திருத்தம் கொடுத்தால், வாங்கிக்கொண்டு போய் நகல் எடுத்து வந்து விநியோகிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். சேர்ந்த புதிதில் உறுப்பினர் யார் உள்ளே வந்தாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுந்து எழுந்து நின்றேன். நாலாம் நாள் மேற்பார்வையாளர் தனியாகக் கூப்பிட்டு, முதுகில் ஏதாவது கோளாறா என்று விசாரித்தார்.

திருத்தங்களைப் படித்தால் அவற்றுக்கும் மனிதர்களுக்கும் சம்பந்தம் இருப்பதாகவே தெரியாது. 'பதினான்காம் பக்கம், ஏழாம் வரி, மூன்று என்பதை நீக்கி ஐந்து எனச் சேர்க்கவும்.' மூன்று என்றால் யாருக்கு, ஐந்து என்றால் யாருக்கு என்பதெல்லாம் வேறு பக்கத்தில் இருக்கும். ஆரம்பத்தில் ஆர்வமாகத் தேடித் தேடிப் படித்தேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். எங்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. அவையில் என்ன நடந்தாலும் முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. ஊழியருக்குக் கட்சியும் கிடையாது, கருத்தும் கிடையாது.

ஒன்பது வருஷமாக அந்த விதியை நான் மீறியதில்லை. ஒருமுறை ஒரு கிழ உறுப்பினர் தூக்கத்தில் குறட்டை விட்டதற்குச் சிரித்தது மட்டும் கணக்கில் சேராது.

3

போன மழைக்காலத்தில் அய்யா விழுந்துவிட்டார். கோவில்பட்டியில் எட்டயபுரம் டவுன் பஸ் ஏறி, எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் வண்டிப்பாதை ஓரமாக ஓர் ஓடை வரும். மழை பெய்துவிட்டால் கரிசல் மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. ஆட்டை மறிக்கப் போனவருக்குச் செருப்பு மண்ணில் மாட்டிக்கொண்டது, ஆள் ஓடைக்குள் போய்விட்டார். இடுப்பில் அடி. காலையில் விழுந்தவரை மத்தியானம்தான் பார்த்தார்கள். அதுவும் ஆளில்லாமல் ஆடுகள் உளுந்துக்குள் இறங்கிவிட்டன என்று திட்டுவதற்காக வந்தவர்தான் பார்த்தார்.

அம்மா இறந்து ஆறு வருஷம். அய்யாவுக்குச் சோறு பொங்கித் தர ஆளில்லை. பக்கத்து வீட்டு மாடசாமி அண்ணாச்சி சம்சாரம் குழம்பு கொடுப்பாள், அவ்வளவுதான். விழுந்த செய்தி வந்த அன்று நான் கழிப்பறையில் அழுதுவிட்டு முகம் கழுவி வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் டீச்சர் நின்றார்.

டீச்சர் என்பது நான் மனதுக்குள் வைத்த பெயர். அவர் மேலவை உறுப்பினர். அதற்கு முன்னால் பல காலம் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். எண்பதை நெருங்கும் வயது. தாள் வாங்கும்போது என் கண்ணைப் பார்த்து நன்றி சொல்கிற நான்கைந்து பேரில் ஒருவர். என்ன நடந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். உன் அப்பாவை இங்கே அழைத்துக்கொள்ள முடியாதா என்றார். சட்டத்தில் இடமில்லை என்றேன். அவருக்கு அது தெரியவில்லை. சட்டம் செய்கிறவருக்குச் சட்டத்தில் என்ன இல்லை என்பதை, தாள் வைக்கிறவள் சொல்ல வேண்டியிருந்தது.

"அவருக்கு வேறு யாருமே இல்லையா?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை" என்றேன்.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். கருப்பசாமி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் கல்யாணம் அய்யாவுக்குப் பிடிக்காமல் நடந்தது, அய்யா போகவில்லை. பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா சாவுக்கு வந்தான், கொள்ளி வைத்தான், அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான். எங்கள் பக்கம் பேச்சுவார்த்தை நின்றுபோனால் பேரும் நின்றுபோகும். வீட்டில் யாரும் அவன் பேரை எடுக்க மாட்டோம். நான் அய்யாவோடு வாரம் இரண்டு தடவை பேசுகிறேன், பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூட எங்கள் வாயில் அந்தப் பேர் வந்ததில்லை. அதனால் நான் டீச்சரிடம் பொய் சொல்லவில்லை. யாருமில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிப்போயிருந்தது.

4

குடியேற்றச் சட்டத்தை மாற்றும் மசோதா ஒன்று எங்கள் அவைக்கு வந்தது. ஒரு நாள் காலையில் தாள்களைப் பிரித்து அடுக்கும்போது டீச்சரின் பெயர் கண்ணில் பட்டது. 'இருபத்திரண்டாம் பக்கத்துக்குப் பின் புதிய பிரிவு சேர்க்கவும்: எழுபது வயது நிறைந்த, தனித்து வாழும் பெற்றோர்.' நான் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தேன். பிறகு எல்லா இருக்கையிலும் வைத்தேன். அன்றைக்கு ஒவ்வொரு தாளையும் ஓரம் பார்த்து நேராக வைத்தேன் என்பது உண்மை.

டீச்சர் எழுந்து பேசினார். "மழை குறைந்த, கறுப்பு மண் நிலத்தில் ஆடு வளர்க்கும் ஒரு முதியவரை எனக்குத் தெரியும். அவருடைய ஒரே பிள்ளை நம் நாட்டில், நமக்காக உழைத்துக்கொண்டிருக்கிறார்" என்றார். ஓடையைச் சொன்னார். மத்தியானம் வரை கிடந்ததைச் சொன்னார். நான் கதவோரம் நின்றுகொண்டு எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்தேன். 'ஒரே பிள்ளை' என்றபோது மட்டும் கண்ணைத் தரைக்கு இறக்கினேன்.

அவருக்குப் பின்னால் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்தார்கள். எல்லாக் கட்சியும். அத்தனை பேரும் ஆதரவு. அமைச்சர் ஒருத்தர் மட்டும்தான் மறுத்தார், அதுவும் மிகவும் மரியாதையாக.

எனக்கு இடைவேளை வந்தது. எங்கள் மத்தியானம் அய்யாவுக்குச் சாயங்காலம், ஆடு அடைக்கிற நேரம். என்னால் இருப்புக்கொள்ளவில்லை. போன் போட்டேன்.

"அய்யா, இன்னைக்கு எங்க சபையில உங்களைப் பத்தித்தான் பேச்சு."

"என்னைப் பத்தியா? ஏட்டி, நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"தப்பு இல்லய்யா. உங்களை இங்கன கூட்டிட்டு வாரதுக்குச் சட்டம் போடணும்னு பேசுதாவ. எல்லாரும் நமக்காகத்தான் பேசினாவ. மந்திரி ஒருத்தர் மட்டும் மாட்டேன்னுட்டாரு."

"ஒருத்தர்தானா?"

"ஆமா, ஒருத்தர்தான்."

"அப்ப சரி" என்றார் அய்யா. பின்னால் ஆடு கத்துகிற சத்தம். "நீ போயி வேலையப் பாரு."

நான் திரும்பி உள்ளே போனபோது டீச்சர் மறுபடி எழுந்து நின்றிருந்தார். பேசிய எல்லாருக்கும் நன்றி சொன்னார். அமைச்சரின் கருத்தைக் கவனமாகப் பரிசீலிப்பதாகச் சொன்னார். கடைசியில், 'இப்போதைக்கு என் திருத்தத்தைத் திரும்பப் பெற அவையின் அனுமதியைக் கோருகிறேன்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த திருத்தத்துக்குப் போய்விட்டார்கள்.

இங்கே வழக்கம் அதுதான். முதல் சுற்றில் பேசுவார்கள், அரசாங்கத்தின் மனசை ஆழம் பார்ப்பார்கள், திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். அடுத்த சுற்றில் வேறு சொற்களில் கொண்டுவருவார்கள். ஒன்பது வருஷம் பார்த்த எனக்கு இது தெரியும். தெரிந்தும் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை விவரமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

5

எங்கள் ஊரில் ஆட்டுக்காரர்கள் கூட்டம் ஒன்று உண்டு. எந்தக் காட்டில் எப்போது இறங்கலாம், வெள்ளாமையில் ஆடு விழுந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். கை தூக்குவது, சீட்டுப் போடுவது எதுவும் கிடையாது. எல்லாரும் பேசுவார்கள். கடைசியில் மூத்தவர் "மாத்துப் பேச்சு உண்டுமா?" என்று மூன்று தடவை கேட்பார். யாராவது ஒருத்தர் முரண்டு பிடித்தால் எத்தனை நேரமானாலும் உட்கார்ந்து அவரைச் சரிக்கட்டுவார்கள். அவர் வாயால் "சரிப்பா, ஊரோட போறேன்" என்று சொன்ன பிறகுதான் துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பார்கள். ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது ஒருத்தர் பேச்சு எடுபட்டதாக அங்கே சரித்திரமே கிடையாது.

அய்யா அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டார். எல்லாரும் பேசியாயிற்று, ஒருத்தர்தான் பாக்கி, அவரைப் பேசிச் சரிக்கட்டிவிடுவார்கள், காரியம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டபோது பின்னால் ஆட்டுச் சத்தம் இல்லை.

"எங்கய்யா இருக்கீங்க? டவுன்லயா?"

"வீட்லதான் இருக்கேன். ஆட்டை மாடசாமி வெலைக்குப் பிடிச்சுக்கிட்டான். குட்டியோட சேத்துக் கொடுத்துட்டேன்."

"எதுக்குக் கொடுத்தீங்க?"

"இதென்ன கேள்வி? நான் அங்கன வந்துட்டா இதுகளை யாரு பாப்பா? நாளைக்கு டிக்கெட்டைப் போட்டுட்டு வாங்கன்னு நீ சொல்லுவ, அன்னைக்கு அவசரத்துல தள்ள முடியுமா? அதுவும் மாடசாமின்னா ஒழுங்காப் பாப்பான்."

நான் விளக்கினேன். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, ஆழம் பார்ப்பது, திரும்பப் பெறுவது. அய்யா பொறுமையாகக் கேட்டார்.

"கொண்டுவந்த அம்மாவே வாபஸ் வாங்கிட்டாவளா?"

"ஆமாய்யா."

"அம்புட்டுப் பேரும் நல்லாருக்குன்னு சொன்ன பெறகா?"

"ஆமாய்யா."

"அப்ப எதுக்குட்டி பேசுதாவ?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஆட்டைத் திருப்பிக் கேட்கச் சொன்னேன். கொடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது என்றுவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து மாடசாமி அண்ணாச்சியிடம் கூலிக்கு ஆடு மேய்க்கப் போனார். அய்யா விற்ற அதே ஆடுகளைத்தான். சும்மா வீட்டில் கிடந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறதாம். இதைக் கேட்ட அன்று என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "நாலு நாள் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் சொன்னது சரி. என் வாய்க்கொழுப்புதான் அய்யாவின் மந்தையைத் தின்றது.

6

ஒன்றரை மாதம் கழித்து இரண்டாம் சுற்று வந்தது. டீச்சர் அதே திருத்தத்தை மறுபடி கொடுத்திருந்தார். இந்தத் தடவை வாக்கெடுப்பு வரை போவார் என்று தாழ்வாரத்தில் பேசிக்கொண்டார்கள். வாக்கெடுப்பு வந்தால் ஜெயிக்கும் என்றும் சொன்னார்கள். ஜெயித்தாலும் கீழவை அதை வெட்டிவிடும் என்றும் அதே ஆட்களே சொன்னார்கள்.

விவாதம் நடந்துகொண்டிருக்கும்போது அமைச்சர் எழுந்து போய் டீச்சர் பக்கத்தில் குனிந்தார். இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். டீச்சர் தலையாட்டினார். பேனாவை எடுத்துத் தன் தாளில் எதையோ எழுதினார். பிறகு என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

போனேன். தாளை நீட்டினார். அவர் கையெழுத்து அழகானது, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. 'எழுபது வயது நிறைந்த, தனித்து வாழும்' என்பதற்குப் பின்னால் சொல் செருகுவதற்கான கூரைக் குறி போட்டு மேலே எழுதியிருந்தார்: 'தம் நாட்டில் வேறு பிள்ளை இல்லாத'.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் புரிந்துபோனது. அரசாங்கத்துக்குக் கூட்டம் பெருகிவிடும் என்று பயம். அந்தப் பயத்தைக் குறைக்க ஒரு வேலி வேண்டும். டீச்சர் யோசித்திருப்பார், அந்த ஆட்டுக்கார முதியவர் இந்த வேலிக்கு உள்ளேதான் வருகிறார், ஒரே பிள்ளைதானே. ஒத்துக்கொண்டார். அவருக்குத் தெரியாது. அவரிடம் சொல்லாதது நான்.

நகல் எடுக்கும் இயந்திரம் பக்கத்து அறையில். தாளை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். அது பாட்டுக்குத் துப்பிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தாளிலும் அந்த ஐந்து சொல். திரும்பிப் போய் டீச்சரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். அவையில் உறுப்பினரிடம் ஊழியர் தானாகப் பேசக் கூடாது. எழுதிக் கொடுக்கலாம். என்னவென்று எழுதுவது? எனக்குத் தம்பி இருக்கிறான், அவன் இல்லாத மாதிரி, ஆனால் இருக்கிறான் என்றா? இவர்கள் பாஷையில் அதை எப்படிச் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். சூடு ஆறாத தாள்களை அள்ளிக்கொண்டு போய் இருக்கை இருக்கையாக வைத்தேன். என் கையால் வைத்தேன்.

அவைத்தலைவர் கேட்டார், ஆதரிப்பவர்கள் ஆம் என்று சொல்லலாம். "ஆம்" என்று அவை நிறையச் சத்தம். எதிர்ப்பவர்கள் இல்லை என்று சொல்லலாம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்தத் தடவை அய்யாவின் கூட்டம் போலவே நடந்தது. அங்கே மூன்று தடவை கேட்பார்கள், இங்கே ஒரே தடவைதான். அந்த அவையில் மாத்துப் பேச்சு இருந்த ஒரே ஆள் நான். கதவோரம் நின்றேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

7

அன்றைக்கு அவை கலைந்ததும் டீச்சர் தேடிக்கொண்டு வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உன் அப்பாவுக்கு எழுது. வரச் சொல்" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த வயதில் ஒரு காரியத்தைச் சாதித்த சந்தோஷம் அந்த முகத்தில். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கெடுத்தும் பிரயோஜனமில்லை, எல்லாம் முடிந்திருந்தது. "நன்றி" என்றேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும் என்பார்கள். இங்கே வரத்தை மறித்த பூசாரி நான்தான்.

அய்யாவிடம், பேப்பரில் நாலு எழுத்தைச் சேர்த்துவிட்டார்கள், அதனால் வர முடியாது என்று மட்டும் போனில் சொன்னேன். வீட்டில் என் மகன் கதிரிடம் அந்த வரியைச் சொன்னேன். அவனுக்குப் பதினைந்து வயது. தாத்தாவோடு போனில் "சாப்டீங்களா" என்பதோடு அவன் தமிழ் தீர்ந்துவிடும். பள்ளியில் குடிமைப் பாடம் நன்றாகப் படிக்கிறான். அவன் பாஷையில் எனக்கு விளக்கினான். இதுதான் ஜனநாயகம் அம்மா, இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள், அதனால் ஆயிரக்கணக்கான பேருக்கு நல்லது நடக்கிறது.

"விட்டுக்கொடுத்தது எங்க அய்யாவைடா" என்றேன்.

கையிலிருந்த போனைக் கீழே வைத்தான். பிறகு, "எனக்கு மாமா இருக்கிறாரா?" என்று கேட்டான்.

நான் அவனுக்கும் சொன்னதில்லை.

8

சட்டம் அமலுக்கு வந்த திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். கருப்பசாமி ரேஷன் கார்டைத் திருப்பூருக்கு மாற்றிப் பல வருஷமாகிறது. அய்யாவின் கார்டில் அய்யா மட்டும்தான் இருக்கிறார். விண்ணப்பத்தில் எத்தனை பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஒன்றுமில்லை என்று போட்டால் யார் திருப்பூர் போய் எண்ணப் போகிறார்கள்? வாக்குமூலத்தில் அய்யா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

மேலவையில் வேலை பார்க்கிறவள் செய்யக்கூடிய காரியமா என்று கேட்காதீர்கள். செய்வது என்று முடிவெடுத்துவிட்டேன். நேற்று விடியுமுன்னே அய்யாவைக் கூப்பிட்டேன்.

"அய்யா, ஒரு கையெழுத்துப் போடணும்."

"எதுக்கு?"

"நம்ம... ஊருல உங்களுக்கு வேற பிள்ளை இல்லைன்னு."

கட் ஆகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். ஆகவில்லை.

"கருப்பசாமி இருக்கானே" என்றார்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேரை அவர் வாயால் கேட்டேன்.

"இருக்கான்யா. ஆனா உங்களைப் பாக்கலயே. நீங்களும் அவன்கூடப் பேசலயே."

"கல்யாணத்துக்குத்தான் நான் போகல. எம் பிள்ளை இல்லைன்னு எந்த இடத்துலயும் சொல்லல."

"இது சும்மா ஒரு பேப்பருய்யா. யாரும் பாக்கப் போறதில்ல."

"பேப்பருன்னு நீயா சொல்லுத? அந்த நாலு எழுத்தைப் பேப்பர்ல எழுதினதாலதான வர முடியலன்னு அன்னைக்குச் சொன்ன?"

நான் அழுதேன். அவரிடம் மறைக்கவில்லை. நீங்கள் மறுபடி விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று கேட்டேன். என்னால் இதற்கு மேல் முடியாது, கையைப் பிசைந்துகொண்டு இங்கேயே கிடந்து செத்துப்போவேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

"அழாதட்டி" என்றார். "அவங்கம்மாவுக்குக் கொள்ளி வச்சவன் அவன். எனக்கும் அவன்தான வைக்கணும். உசிரோட இருக்கவனை இல்லைன்னு நான் எழுதிக் கொடுத்தா, அவன் எந்த மொகத்தோட வருவான்? இதை மட்டும் என்னைச் செய்யச் சொல்லாத. விட்டுரு."

மாடசாமி அண்ணாச்சி கூப்பிடுகிறார், ஆட்டை மேய்ச்சலுக்குப் பத்திக்கொண்டு போக நேரமாயிற்று என்று வைத்துவிட்டார்.

நான் போய் விண்ணப்பத்தைத் திறந்தேன். அய்யாவின் பெயர், பிறந்த ஊர், வயது எல்லாம் நிரப்பினேன். 'தம் நாட்டில் வாழும் பிற பிள்ளைகளின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் வந்தது. ஒன்று என்று அடித்தேன். அவன் பெயர் கேட்டது. கருப்பசாமி என்று எழுதினேன். 'தகுதி இல்லை' என்று வந்தது. அதற்கு அடுத்த பக்கம் திறக்கவே இல்லை.